மாஸ்டரின் பக்கத்து இருக்கை

கார் ஓட்டக் கற்றுத்தருகிற வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலடியில். எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கும் மாஸ்டர் இருபது வருடமாக அந்த இரண்டாவது பிரேக்கை வைத்துத்தான் பிழைத்தார். ஊரில் பாதிப் பேரை ஓட்ட வைத்தவர் என்று அவருக்குப் பெயர். உண்மையில் அவர் செய்ததெல்லாம் நிறுத்தியதுதான்.

ஆகவே தொற்று பரவி, ஊரடங்கு வந்து, உலகமே நின்றபோது கலங்காத மனிதர் அவர் ஒருவர்தான். "நல்லதுதான். எல்லாரும் கொஞ்சம் வேகமாத்தான் போயிட்டிருந்தாங்க" என்று மாடிப்படியில் நின்று சொன்னார். நின்றுபோனவற்றின் வரிசையில் தம்முடைய வருமானமும் இருக்கிறது, பில்கள் மட்டும் அந்த வரிசையில் இல்லை என்பது அவருக்கு உறைக்கச் சில நாட்கள் ஆயின.

அவர் மனைவி சின்னக் குழந்தைகள் பள்ளியில் டீச்சர். பள்ளி மூடியதும் அந்தச் சம்பளமும் நின்றது. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், வகுப்புகள் போனுக்குள் வந்துவிட்டன. கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் இருவர் இருந்த வீட்டில், கற்றுக்கொள்கிற ஒருத்திக்கு மட்டும்தான் வேலை இருந்தது. அவளும் சம்பாதிக்கவில்லை, ரீசார்ஜ் கேட்டாள்.

மாஸ்டர் அதுவரை சம்பாதித்ததை மனைவி கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர். வீடு எதில் ஓடுகிறது என்று யோசித்தவர் இல்லை. இப்போது நேரம் கிடைத்ததும் அவருக்கு அபாரமான ஆர்வம் பிறந்தது. மின்விசிறியைப் பார்ப்பார், "இது ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சாப்பிடும்?" என்பார். அடுப்பைக் குனிந்து பார்த்து, "இந்தச் சுடரு இவ்வளவு பெருசா இருக்கணும்னு யார் சொன்னது?" என்பார். புது மாணவனிடம் காட்டும் அதே கவனத்தோடு வீட்டை நடத்தினார். அதாவது, அது அசையும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தார்.

ஒரு நாள் பகல் முழுக்க ஃபிரிட்ஜை அணைத்து வைத்தார்.

"ஏங்க, பால் திரிஞ்சு போச்சு. நீங்க மிச்சம் பிடிச்சது கரண்ட்டா, பாலா?"

"ரெண்டுல எது விலை அதிகம்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்..."

"தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல? இனிமே ஃபிரிட்ஜ் பக்கம் கை போச்சுன்னா உங்களையே உள்ள வெச்சு மூடிடுவேன்."

பொறுப்பு டீச்சரிடமே திரும்பியது. அவளுக்கென்று ஒரு கொள்கை இருந்தது. கேட்கத் தெரிந்தவர்கள் காத்திருக்கலாம், காது இல்லாதவற்றுக்கு முதலில் கட்டிவிட வேண்டும். மின்சாரம், சிலிண்டர், போன் இவற்றிடம் எந்தக் கதையும் எடுபடாது. மளிகைக்கடைக்காரரிடம் பேசலாம். கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் இன்னும் நிறையப் பேசலாம். எனவே வாடகை கடைசி. மனிதத்தன்மைக்கு இந்த உலகில் கிடைக்கிற மரியாதை பெரும்பாலும் இதுதான்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அது பிடிபட்டுவிட்டது.

"கரண்ட்டுக்காரனுக்குக் கட்டினியாமே. எனக்கு மட்டும் இல்லையா?"

"அவங்க ஃபியூஸைப் பிடுங்கிடுவாங்கம்மா. நீங்க பிடுங்குவீங்களா?"

"எனக்கு மூட்டு வலி, மாடி ஏறி வரமாட்டேங்கிற தைரியம்டி உனக்கு!"

இந்தக் கொள்கைக்குள் அடங்காதது கார்க்கடன் ஒன்றுதான். அதற்கு வாய் இருந்தது, காது இல்லை. கடன் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் அடிக்கடி போன் செய்வாள். ஆரம்பத்தில் இனிமையாகத்தான் பேசினாள். "சார், விருப்பப்பட்டா சில மாசத் தவணையைத் தள்ளி வெச்சுக்கலாம்."

"தள்ளி வெச்சா அந்த மாசமெல்லாம் எங்கம்மா போகும்?"

"கடைசியில போய்ச் சேர்ந்துக்கும் சார்."

"தனியாப் போகுமா, குட்டி போட்டுக்கிட்டுப் போகுமா?"

"அதை சிஸ்டம்தான் சார் போடும்."

இந்தக் கேள்வி மாஸ்டரைப் பிடித்துக்கொண்டது. கட்டாத மாதம் எங்கே போகிறது? மருந்துக்கடையில் கேட்டார், மகளிடம் கேட்டார், முதல் மாடியில் இருக்கும் வங்கி குமாஸ்தாவிடம் கேட்டார். குமாஸ்தா முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்து, தண்டவாளத்தில் நிற்கிற ரயில்பெட்டி போலப் படம் போட்டு விளக்கினார். நின்ற பெட்டிக்கும் வாடகை உண்டு என்பது சாரம். மாஸ்டர் அக்கறையாகக் கேட்டு, முழுக்கப் புரிந்துகொண்டு, வேறு வழியில்லாமல் தள்ளியே வைத்தார். புரிந்துகொண்டால் பணம் வரும் என்று யாரும் சொல்லவில்லையே.

தள்ளி வைத்த மாதங்கள் முடிந்தன, ஊரடங்கு முடியவில்லை. மளிகை திறந்தது, வங்கி திறந்தது, முடிவெட்டுகிற கடைகூடப் பாதிக் கதவைத் திறந்தது. கார் கற்றுக்கொள்வது அத்தியாவசியம் அல்ல என்று மேலிடத்தில் முடிவெடுத்திருந்தார்கள். கம்பெனிப் பெண்ணின் குரலில் இனிமை கொஞ்சம் குறைந்திருந்தது. "இந்த மாசம் கட்டலைன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிடுவாங்க சார். நான் சொல்லி நிறுத்த முடியாது."

வண்டி போனால் ஊர் திறந்த பிறகும் தொழில் திறக்காது. வாடகை, மளிகை, மகளின் கட்டணம் எல்லாம் இந்த ஒரு தவணையின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தன.

அப்போதுதான் டீச்சர் மருந்துக்கடை வரிசையிலிருந்து ஒரு செய்தியோடு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளை வீட்டிலிருந்து அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் கார் தேடுகிறார்கள், பஸ் ஓடவில்லை. வண்டியும் லைசென்சும் இருந்தால் போதும். மாதக் கடைசியில் கிடைப்பது தவணைக்குக் காணும், மின்சாரத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

மறுநாள் காலை மாஸ்டர் முகக்கவசம் கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, ஆஸ்பத்திரி கொடுத்த அனுமதிச் சீட்டை முன் கண்ணாடியில் ஒட்டி, கதவைத் திறந்து உட்கார்ந்தார். வண்டி நகரவில்லை. நாங்கள் எல்லாம் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரடங்கில் வேறு காட்சி ஏது?

டீச்சர் மேலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, யாருக்காகக் காத்திருக்கீங்க?"

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் பார்த்தார். ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருந்தது. பழக்கத்தில் தமது வழக்கமான இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஓட்டுகிறவர் வருவதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

இதில் சிரிக்க நிறைய இருந்தது, சிரித்தோம். விஷயம் என்னவென்றால் மாஸ்டர் பல வருடமாக ஸ்டியரிங்கைப் பிடித்ததே இல்லை. அவருடைய தொழில்முறை அப்படி. காலையில் முதல் மாணவர் இவர் வீட்டு வாசலுக்கு வருவார், வண்டியை எடுத்து இரண்டாவது மாணவர் வீடு வரை ஓட்டுவார், பிறகு பின்சீட்டுக்குப் போய்விடுவார். "பின்னாடி உட்கார்ந்து பார்க்கிறதும் பாடம்தான்" என்பது மாஸ்டரின் விளக்கம். இரண்டாமவர் மூன்றாமவர் வீட்டுக்கு ஓட்டுவார். மாலையில் கடைசி மாணவர் எப்போதும் எங்கள் தெருக்காரராகவே இருப்பார், வண்டியை வாசலில் விட்டுவிட்டு நடந்து போவார். இப்படி ஊர் முழுக்கச் சுற்றிய வண்டியில், ஓட்டத் தெரிந்த ஒரே மனிதர் ஓட்டாமல் சுற்றி வந்தார்.

அன்று அவர் ஓட்டிய கதையில் பாதி அவர் சொன்னது, மீதி டீச்சர் திருத்தியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவர் கால் பிரேக்கை மிதித்தது. ஆனால் மனம் பக்கத்து இருக்கையைப் பார்த்தது. அங்கே யாருமில்லை. எதிரில் நாய் வந்தால் யார் நிறுத்துவது? தாமே நிறுத்தலாம் என்பது அறிவுக்குத் தெரிந்தது. தம்மைப் போல ஸ்டியரிங் பிடித்தவர்களில் எத்தனை பேர் நாயைப் பார்த்ததும் கண்ணை மூடியவர்கள் என்பது அனுபவத்துக்குத் தெரிந்திருந்தது. ஓட்டுகிறவனை ஒருபோதும் நம்பாதே என்று இருபது வருடம் கற்றவர் இப்போது அந்த ஓட்டுகிறவனாகவே ஆகிவிட்டார்.

காலியான சாலையில் நடக்கிறவன் வேகத்தில் போனார். பின்சீட்டில் இருந்த நர்சு பொறுத்துப் பார்த்தாள். "அண்ணே, இந்த வேகத்துல போனா பேஷன்ட்டு குணமாகி நமக்கு எதிர்ல நடந்து வருவாரு."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகளைக் கவனிக்கும் சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "உள்ள இருக்கிறவங்க ராத்திரி முழுக்க நின்னவங்க. இவங்க உள்ள போனாத்தான் அவங்க வெளிய வர முடியும். நாளைக்கும் லேட்டுன்னா நான் வேற வண்டி பார்த்துக்கிறேன் சார்."

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர், "நீ பக்கத்துல வந்து உட்காரேன். பிரேக்குல கால் வெச்சா போதும், மிதிக்கக்கூட வேணாம்" என்றார்.

"வண்டியில ஒரு பயணிதான், அதுவும் பின்சீட்டுலதான்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதி ஒட்டியிருக்கீங்களே. நான் என்ன டிக்கியிலயா வர்றது?"

"அப்ப என்னால ஆகாது."

"அப்ப வண்டி ஆகாது. எது வேணும், சொல்லுங்க."

அவர் கார்ச் சாவியை அவள் முன்னால் வைத்தார். அவள் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டுச் சொன்னாள். "என் கிளாஸ்ல ஷூ லேஸ் கட்டுற பசங்க, இந்தக் காதைப் பிடி, அந்தக் காதைச் சுத்துன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டேதான் கட்டும். சொல்லாட்டா முடிச்சு விழாது. நீங்க ஓட்டுறவரை நம்பலைன்னா நம்பாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே போங்க. கேட்கிறதுக்கு ஆள் இருக்கு, நீங்களே."

"பைத்தியம்னு நினைப்பாங்க."

"முகக்கவசம் எதுக்கு இருக்கு? வாய் அசையிறது தெரியாது."

மறுநாள் வண்டி தெருமுனையைத் திரும்பும்போதே மாஸ்டர் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். "கிளட்ச்... மெதுவா, மெதுவா... கண்ணாடியைப் பாருங்க... ம், ரெண்டாவது கியர்... பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல?" முந்தைய நாள் வந்த அதே நர்சு ஏறினாள். முதலில் போனில் பேசுகிறார் என்று நினைத்தாள், பிறகு போன் இல்லை என்று கண்டுபிடித்தாள், பிறகு வேகம் நன்றாக இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

பாலத்துக்கு முன்னால் தடுப்பு வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் கையைக் காட்டினார். "சரி, நிறுத்துங்க. இண்டிகேட்டர் போட்டு நிறுத்துங்க" என்று மாஸ்டர் சொல்லி, நிறுத்தினார். இதைப் போலீஸ்காரர் கேட்டுவிட்டார்.

"யாருக்குச் சொல்றீங்க?"

"ஓட்டுறவருக்குங்க."

போலீஸ்காரர் ஒரு அடி பின்னால் போய் வண்டியை முழுக்கப் பார்த்தார். கூரைமேல் எல் போர்டு கம்பீரமாக நின்றது. அதைக் கழற்ற வேண்டும் என்று மாஸ்டருக்குத் தோன்றவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது கூரையின் ஒரு பகுதி.

"எல் போர்டு வண்டியில பக்கத்துல மாஸ்டர் இருக்கணும். எங்க மாஸ்டர்?"

"நான்தாங்க மாஸ்டர்."

"அப்ப ஓட்டுறது யாரு?"

"அதுவும் நான்தாங்க."

"அப்ப கத்துக்கிறது?"

மாஸ்டர் யோசித்தார். உண்மையைச் சொல்வதா என்ற யோசனை. "நேத்துல இருந்து... அதுவும் நான்தாங்க."

லைசென்சை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார் போலீஸ்காரர். சந்தேகமாகப் பார்க்கவில்லை, அது வெறும் ஆச்சரியம். இப்படி ஒரு ஆள் அந்தத் தடுப்பில் அதுவரை வந்ததில்லை. மேலதிகாரியிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று திரும்பினார். பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது.

"சார், நான் போகலைன்னா எனக்கு முந்தி நின்னவங்க இன்னொரு ஷிப்ட் நிப்பாங்க. இவரு பேசிக்கிட்டே ஓட்டுறாரு, நல்லாத்தான் ஓட்டுறாரு. பேசாம இருந்தாத்தான் கஷ்டம், நேத்து பார்த்தேன்."

போலீஸ்காரர் லைசென்சைத் திருப்பிக் கொடுத்தார். "போர்டைக் கழட்டுங்க."

"நட்டு போட்டு இறுக்கியிருக்குங்க. ஸ்பேனர் வேணும்."

கடைசியில் போலீஸ்காரர் தம் கைக்குட்டையையே எல் போர்டின்மேல் கட்டி, "போங்க, போங்க" என்றார். மாஸ்டர் கிளம்பினார். போன நேரத்தை மீட்க வேண்டும். அன்றுதான் அவர் முதன்முறையாக ஒரு மாணவரிடம், "இன்னும் கொஞ்சம் மிதிங்க" என்று சொன்னார். மாணவர் மிதித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இரவு ஷிப்ட் நர்சு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். சூப்பர்வைசர் மணியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கூரையில் இருந்த கைக்குட்டையையும் பார்த்தார். "நாளைக்கும் வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மாதக் கடைசியில் தவணை கட்டப்பட்டது. மளிகைக்குப் பாதி போனது. வாடகை இன்னும் காத்திருந்தது. கட்டிய மறுநாளே கம்பெனிப் பெண் போன் செய்தாள், பழைய இனிமை முழுசாகத் திரும்பியிருந்தது. இந்த நெருக்கடியிலும் சரியாகக் கட்டிய வாடிக்கையாளர் என்று அவருடைய பெயர் தேர்வாகியிருக்கிறதாம். இரண்டாவது வண்டி வாங்கக் கடன் தருகிறார்களாம்.

மாஸ்டருக்கு ஆர்வம் தாங்கவில்லை. "எவ்வளவும்மா தவணை வரும்? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன்" என்று ஆரம்பித்தார். டீச்சர் அவர் கையிலிருந்து போனை வாங்கி, அணைத்து, அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.