கடலைப் பார்க்கக் கேட்ட செல்லம்மா

ஓய்வு பெற்றபின் நானும் என் கணவரும் அடையாறு வீட்டைப் பூட்டிவிட்டு, கட்டிலும் அடுப்பும் பொருத்திய வேனில் ஊர் ஊராகப் போய், திருச்சபை நடத்தும் இல்லங்களில் ஊழியம் செய்கிறோம். பாலவாக்கத்து முதியோர் இல்லத்துக்கு வெள்ளையடிக்கத்தான் போனோம்.

நடக்க முடியாத செல்லம்மா ஜன்னல் வழியே என் கணவரைக் கூப்பிட்டார்.

“நைனா, வண்டில கட்டில் கீதாமே? கடல் சத்தம் தெனம் கேக்குது. பாத்துதான் வருசமாச்சு.”

வேலை கெடுமே என்று நான் தயங்கினேன். என் கணவரோ பிரஷைக் கீழே வைத்துவிட்டு, “சுவர் எங்கயும் போயிடாது, வாங்கம்மா” என்றார்.

இல்லத்தைக் கவனிக்கும் சிஸ்டரிடம் அனுமதி வாங்கி, செல்லம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, கடற்கரையில் பின்கதவைத் திறந்தோம். அலைகளைப் பார்த்தபடி அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குன்னு இல்லாம சும்மா வண்டில வந்துகீறேன்” என்று சிரித்தார்.

வெள்ளையடிப்பதை மறுநாள் முடித்தோம். இப்போதெல்லாம் எந்த இல்லத்துக்குப் போனாலும், அங்கிருப்பவர்களுக்கு என்ன ஆசை என்றுதான் முதலில் கேட்கிறேன்.