எட்டு நிமிட வாளி

குழாயைத் திறந்தால் நொடிகளை எண்ணத் தொடங்கிவிடுவேன். லண்டன் ஹரோவில் என் சொந்த வீட்டுச் சமையலறையில், தேநீருக்குக் கேத்தலை நிரப்பும்போதும் எண்ணுகிறேன். மனைவி, "என்னப்பா, வாய்க்குள்ளை மந்திரமே சொல்லுறியள்?" என்று கேட்பாள். மந்திரமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. நாலாம் மாடி அக்கா ஒரு வாளியருகே நின்று எண்ணியதைத்தான் நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது வால்தம்ஸ்டோவில், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் தண்ணீர்க் குழாய்கள் என் பொறுப்பில் இருந்தன. அக்கா அங்கே மேல்மாடியில், பாரிசவாதத்தில் விழுந்த கணவரோடு இருந்தார். அவரை நாளும் குளிப்பாட்டித் துடைக்க வேண்டும். தண்ணீர் நூல்போல வருகிறது என்று அலுவலகத்தில் எத்தனையோ தடவை முறையிட்டுப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வந்த பதில் கடிதத்தின் அடியில் என் தமிழ்ப் பெயரைக் கண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பத்து லீற்றர் வாளி நிறைய எட்டு நிமிஷத்துக்கு மேலை செல்லுது. மணிக்கூட்டைப் பாத்து எண்ணினனான்."

நான் மாடிப்படி ஏறவில்லை. ஏறாமல் வரைபடத்தை விரித்தேன். அவர் வீட்டுக்கு மட்டும் போகும் இரும்புக் குழாயின் உள்விட்டம் இருபது மில்லிமீட்டர். வேகம், வழக்கப்படி, நொடிக்கு ஒரு மீட்டர். விட்டத்திலிருந்து குழாய்வாயின் பரப்பு. பரப்பை வேகத்தால் பெருக்கினால் ஓட்டம். நிமிடத்துக்குப் பத்தொன்பது லீற்றர் வந்தது. "அக்கா, கணக்குப்படி அரை நிமிஷத்திலை வாளி நிறையோணும். உங்கட பைப் வாயிலை ஊத்தை அடைச்சிருக்கும், கழட்டிக் கழுவிப் பாருங்கோ" என்றேன். எவ்வளவு இனிமையாகச் சொன்னேன்! அவர், "நீங்கள் படிச்சனீங்கள் தம்பி. சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அழைக்கவேயில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நானும் கோப்பை மூடிவைத்தேன்.

அக்கா இரண்டாம் மாடியில் தெரிந்தவர்கள் வீட்டில் தண்ணீர் பிடித்து, வாளி வாளியாக மேலே சுமந்திருக்கிறார். ஒரு காலை படியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

செய்தி கேட்டு, அவர் அங்கே கிடந்த கிழமைதான் அவர் வீட்டுக் குழாயை அறுத்துக் கீழே கொண்டுவரச் சொன்னேன். லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து உள்ளே கல்லாய் இறுகியிருந்தன. என் சின்னவிரல் நுழையவில்லை. துளை ஐந்து மில்லிமீட்டர். வேகம் மாறாமல் விட்டம் நாலில் ஒன்றானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகும், ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதே வேகத்தை வைத்து அங்கேயே பென்சிலால் போட்டுப் பார்த்தேன். எட்டரை நிமிடம். அக்கா சொன்னதில் பிசகேயில்லை. ஐயோ, ஒரு தடவை ஏறிப் போயிருக்கலாமே!

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு அந்தப் படிகளை முதன்முதலாக ஏறினேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். படிக்கட்டுச் சுவரோடு புதுக் குழாய் போட்டதைக் கட்டிலோடு கிடந்த அவருடைய கணவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குழறிய நாக்கோடு என்னை வரவேற்றார். "வாங்கோ தம்பி. நீங்கள் ஒராள்தான் அவவுக்குத் தமிழிலை விளங்கப்படுத்தினனீங்கள். அதுக்குப் பிறகு அவ ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கேல்லை."

பிறகு சமையலறைப் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"இப்ப தண்ணி பாஞ்சு வருது. அவதான் பைப்பைச் சரியாக் கழுவேல்லைப் போலை."

நான் இல்லையென்று சொல்லவில்லை.