ஏழு தரம் கழுவியும்

ஜின், பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்றால் நம்ப வேண்டாம், கேட்டால் போதும். பள்ளிவாசலில் என்னைக் காட்டி, இறைவன் மேல் ஈமான் வந்து, குடு என்கிற போதைத்தூளை விட்ட மனுஷன் என்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது. நடந்தது அது இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் மாத்தளை பஸ் நிலையத்துப் பின்பக்கம்தான் என் வீடு. என் மனைவி பரீதாவின் தையல் மெஷினை விற்றுக் குடு அடித்தவன் நான், அவள் கதவைச் சாத்தியதில் தப்பே இல்லை. இரண்டு வருஷம் தெருவில் கிடந்தேன். குளித்த ஞாபகம் இல்லை. கால்விரல் இடுக்கில் புண், புண்ணில் புழு, சட்டையில் காய்ந்த வாந்தி. சீ, இப்போது நினைத்தாலும் துப்பத்தான் தோன்றுகிறது.

ஒரு நாள் பகல், லுஹர் தொழுகை முடிந்த நேரம், அடைமழை. இரத்தோட்டைக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பள்ளிவாசலின் பின்னால் தகரக் கொட்டில் திறந்து கிடந்தது. உள்ளே மையத்தை, அதாவது பிரேதத்தைச் சுமந்து போகிற சந்தூக்குப் பெட்டி. எங்கள் ஆட்கள் அதில் சும்மாகூடக் கை வைக்க மாட்டார்கள். நான் ஏறிப் படுத்து, அதன் மேல் போடுகிற பச்சைத் துணியையும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்த அளவுக்கு வெட்கங்கெட்டுப் போயிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்குளில் கை கொடுத்து யாரோ என்னைத் தூக்கினார்கள். கண் திறக்க முடியவில்லை, விரல் அசையவில்லை, காது மட்டும் கேட்டது. இடப்பக்கம் சாய்த்தார்கள், வயிற்றை மெல்ல அமுக்கினார்கள், இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். மையத்தைக் குளிப்பாட்டுகிற முறை அது, வாப்பாவுக்கு நானே செய்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? மூன்று தரம் கழுவுவோம். சுத்தமாகாவிட்டால் ஐந்து, அதற்கும் ஆகாவிட்டால் ஏழு. சுத்தமானதும் கபன் என்கிற வெள்ளைத் துணியைச் சுற்றி அடக்கம் செய்வோம்.

மூன்று முடிந்ததும் யாரோ ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது.

"நாத்தம் போகுதில்ல."

"அஞ்சாக்குங்க."

ஐந்தும் ஆனது, ஏழும் ஆனது. கற்பூரத் தண்ணீரையும் மீறி என் நாற்றம் என் மூக்கிலேயே ஏறியது. செத்தவனுக்குச் செய்கிற கடைசி மரியாதைகூட எனக்கு இல்லையா என்று உள்ளுக்குள் கதறினேன், வாய் திறக்கவில்லை.

"இவனுக்குக் கபன் துணி சுத்த ஏலா," என்றது ஒரு குரல். "அப்படியே போட்டுட்டு வாங்க."

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல வந்த மோதினார்தான் கொட்டிலைத் திறந்தார். நான் ஏறிப் படுத்த பிறகு, சாரல் அடிக்கிறது என்று, உள்ளே பார்க்காமல் அவரே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே குழாய் கிடையாது, தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. என் தாடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நகத்தில் அழுக்கு இல்லை, காதில் பஞ்சு. நம்பினால் நம்புங்கள். மனுஷன் என்னைத் திட்டவில்லை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"கபன் போட்டாங்களா?"

"இல்ல நானா," என்றேன், அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

"அப்ப இன்னும் டைம் இருக்கி. எழும்பு."

அந்தப் பள்ளிவாசலிலேயே ஒரு மூலையில் கிடந்தேன். நடுங்கினேன், வாந்தியெடுத்தேன், வயிற்றால் போனது. பாயில் விழுந்து தொழுதேன், மறுபடி நடுங்கினேன். பயத்தில் தொடங்கிய தொழுகைதான், இன்றைக்கு அது இல்லாமல் என்னால் இருக்க முடியாது. குடுவை அன்றைக்குப் பிறகு தொடவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் பரீதா கதவைத் திறந்தாள்.

அன்றைக்குக் கழுவியவர்கள் இரக்கப்பட்டு என்னை விடவில்லை, அருவருத்து விட்டார்கள். அந்த அவமானத்தில்தான் ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் குளித்துவிட்டுப் போகிறேன். ஒரு நாத்தமும் இல்ல, சவுக்கார வாசந்தான் வருது என்கிறாள் பரீதா. நான் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்பேன். சுஜூதில் நெற்றியைப் பாயில் வைக்கிற நேரம், பின்னாலிருந்து யாரோ குனிந்து, நாற்றம் போய்விட்டதா என்று மெதுவாக மூச்சை இழுத்து என்னை மோந்து பார்க்கிறார்கள். எனக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது.