இரண்டு சொட்டு மூட்டு நீர்

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. காய்கறிக்காரன் தராசிலிருந்து என் சொந்த மைக்ராஸ்கோப் வரை எதையும் ஒரே தடவையில் நம்பியதில்லை. ஆராய்ச்சிக்கு அது நல்ல குணம் என்றார் என் பேராசிரியர். குடும்பத்துக்கு ஆகாது என்றாள் என் மனைவி. இரண்டும் சரிதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் மூட்டு நோய் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினேன். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களுக்கு நாற்பது வயதுக்குள் முழங்கால் ஏன் வீங்கிப்போகிறது என்பதுதான் கேள்வி. சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனி ராயபுரத்தில் தன் கிடங்கை ஒட்டிய அறையைச் சும்மாவே கொடுத்தது. கால் வீங்கிய ஆட்களை மாதம் ஒருமுறை அங்கே அனுப்பியும் வைத்தது. பதிலுக்கு, முடிவுகளின் நகல் ஒன்று வேண்டும் என்றது. அதிலென்ன போயிற்று என்று சம்மதித்தேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் இதை மட்டும் சந்தேகப்படவில்லை.

அங்கே எங்கள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஊசியால் மூட்டு நீரை எடுத்து, பெயர் எழுதிய சீசாவில் அடைத்து எனக்கு அனுப்புவார். நல்ல மூட்டில் நீர் கொஞ்சம்தான் இருக்கும். கம்பிப் பதப் பாகு மாதிரி விரல்களுக்கு நடுவே இழுபடும். நோய்ப்பட்ட மூட்டின் நீர் கலங்கி, தண்ணீராய் ஓடும். ஒருவர் பெயரில் முதல் மாதம் வந்த சீசாவில் கலங்கல் நீர் நிறைய இருந்தது. மறுமாதம் அதே பெயரில் இரண்டே சொட்டு, அதுவும் பாகாக இழுபட்டது. ஒரே மாதத்தில் குணமாகிவிட அதென்ன ஜலதோஷமா? சீசாவை மாற்றிவிட்டீர் என்று கம்பவுண்டர் மேல் பாய்ந்தேன். இருபது வருஷம் சர்வீஸ் போட்ட மனிதர். முகம் சுண்டிப்போய், வேண்டுமானால் நீங்களே போய் அந்த ஆளைப் பாருங்கள் என்றார்.

அன்று சாயங்காலமே போனேன். டோல்கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் அண்ணன் தம்பி இருவர், ஒரே அச்சு. தம்பி குந்தியபடி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார். வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன் பெயரைச் சொல்லித் தம்பியை அனுப்பியிருக்கிறார். அந்தப் பையனும் நல்ல காலில் ஊசி குத்திக்கொண்டு போயிருக்கிறான்.

என் ஆராய்ச்சியே பாழாய்ப் போயிற்று என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. டாக்டர் எழுதுகிற காகிதம் கம்பெனிக்குப் போகிறது, கால் கெட்டவனை மேஸ்திரி காலையில் கேட்டிலேயே கழித்துவிடுவான் என்று யாரோ சொன்னார்களாம். போகாமல் இருந்தாலும் சந்தேகம் வரும், அதனால்தான் தம்பி. வீட்டில் ஐந்து வயிறு, தம்பிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, சம்பாதிக்கிற கை அவருடையது ஒன்றுதான்.

"நெசத்த சொல்லு சார். எம் பேரு அந்தக் காயிதத்துல கீதா?"

இருந்தது. முதல் மாத முடிவுகளில் அவர் பெயரும் இருந்தது. அன்று காலையில்தான் நகலில் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தேன்.

"இல்லை," என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, நேரே கம்பெனிக்குப் போய் அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் கோபித்துக்கொண்டு அறையைப் பிடுங்கிக்கொண்டால் என் ஆராய்ச்சி என்னாவது என்றும் நினைத்தேன். ராயபுரத்தில் பஸ் நின்றது. நான் இறங்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் கம்பவுண்டரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் மூட்டு நீர் எடுக்க நானே போயிருந்தேன். அண்ணனே வந்தார். என் பேச்சை நம்பி, தானாகவே காலை நீட்டினார். கலங்கல் நீர் சீசா நிறைய வந்தது. ஆராய்ச்சிக்கு அருமையான மாதிரி. பத்து நாளாக மேஸ்திரி தன்னை வேலைக்கு எடுப்பதில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

"அந்த மேஸ்திரிக்கு எம்மேல இன்னாவோ கடுப்பு சார். உன்ன மாரி ஞாயமா பேச அங்க ஒரு ஆளு கெடையாது."

கடுப்பாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, சீசாவில் அவர் பெயரை எழுதினேன்.