ஊர் அத்துவிட்டது, கோர்ட்டு விடவில்லை

பெருங்களத்தூரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில், கையெழுத்துப் போடச் சொன்ன டைவர்ஸ் காகிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தேன். மனைவியின் தம்பி பைக்கை மெதுவாக உருட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே வந்தான்.

"மாமா, நில்லு மாமா. இந்த வெயில்ல இன்னாத்துக்கு நடந்துகினு கீற?"

அந்த 'மாமா'வில்தான் எனக்கு முதல் சந்தேகம். சில வருஷங்களுக்கு முன்னால் அவர்களுடைய மீனவர் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்து எங்கள் கல்யாணத்தை அத்துவிட்டது. அவள் பக்கம் ஊரே உட்கார்ந்திருந்தது. என் பக்கம் நான் மட்டும். நான் எட்டாவதோடு நின்றவன். போர் போடும் வண்டி, கல்யாணச் சமையல், டைல்ஸ் வேலை என்று எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. பஞ்சாயத்தில் அதைத்தான் சொன்னார்கள். பொய் இல்லை. அவள் தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும், அப்பன் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். அன்றைக்கு இதே தம்பி என்னை "யோவ்" என்றுதான் கூப்பிட்டான்.

ஊர் சொன்னால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அப்படியிருக்க, அத்துவிட்டவனை எதற்கு மறுபடியும் தேடிப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, வக்கீல் ஆபீஸுக்கு அழைத்து வர வேண்டும்?

"அதான் ஊர்ல முடிஞ்சிருச்சே. இப்ப இன்னா புதுசா?" என்று கேட்டேன்.

"அக்காவுக்கு ஒரு எடம் வந்துகீது மாமா. மாப்ள காட்டாங்குளத்தூர்ல, காலேஜ் மெஸ்ஸுல வேல. அவங்க கோர்ட்டு தீர்ப்பு இல்லாம ஒத்துக்க மாட்றாங்க."

"பாப்பா?"

"பாப்பா அக்காவோடதான். வேற எங்க போவும்?"

மூன்றாவது படிக்கிற என் மகளை இன்னொருவன் வீட்டுக்கு அனுப்ப என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். கையெழுத்து விழுந்த மறுநாள் நான் அந்தக் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்?

"நம்பலன்னா நீயே போய்க் கேளு. தாம்பரம் கோர்ட்லயே காசு வாங்காத வக்கீல் கீறாங்க. வா, ஏறு, நானே உடறேன்."

அவனே விடுகிறேன் என்றதும் தாம்பரம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அங்கே யாரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறானோ. வண்டலூர் வரை நடந்து, அவன் பைக் திரும்பிப் போனதைப் பார்த்த பிறகு ரயில் ஏறி செங்கல்பட்டில் இறங்கினேன்.

அங்கேயும் கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்கு ஓர் அறை இருந்தது. கறுப்பு கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்த ஒரு பெண் வக்கீல் உட்காரச் சொன்னார். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

"என் ஃப்ரெண்டுக்கு ஒரு விஷயம் மேடம்" என்று ஆரம்பித்தேன்.

எல்லாம் கேட்டார். "ஊர்ல அத்துவிட்டதை மட்டும் வச்சு கோர்ட் டைவர்ஸ்னு எடுத்துக்காது. உங்க ஜாதில ரொம்ப காலமா இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு நிரூபிக்கணும். அது லேசு இல்ல. அதுவரைக்கும் சட்டப்படி உங்க ஃப்ரெண்டு இன்னும் புருஷன்தான். அந்தம்மா வேற கல்யாணம் பண்ணா செல்லாது, கேஸும் ஆகும்."

"அப்ப அவன் கையெழுத்துப் போடலன்னா அவங்களுக்குத்தான் பேஜாரு."

"பேஜார்தான். போடலன்னா உங்க ஃப்ரெண்டுக்கு என்ன கிடைக்கும்?"

"போட்டா பொண்ணு போயிடும்ல?" என்றேன்.

"டைவர்ஸ் பொண்டாட்டியோடதான் சார், பொண்ணோட இல்ல. அப்பா எப்பவும் அப்பாதான். குழந்தைக்குச் செலவுக்குக் கொடுக்கிறதும் விடாது, அதையும் ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க. எந்த நாள்ல பாக்கலாம், எங்க பாக்கலாம்னு மனுவுலயே எழுதச் சொல்லுங்க. வாயால சொன்னது நிக்காது. ரெண்டு பேரும் சம்மதிச்சு மனு போட்டாலும் வழக்கமா ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் கூப்பிட்டுக் கேப்பாங்க. நடுவுல ஏமாத்துறாங்கன்னு தோணுச்சுன்னா மாட்டேன்னு சொல்லிடலாம்."

இதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. ஆனாலும் அவருடைய பேச்சு இவ்வளவு நேராக இருந்ததே ஒரு மாதிரியாகப் பட்டது. "தாம்பரத்துல யாராவது போன் பண்ணாங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு உங்க ஃப்ரெண்டு பேரே தெரியாதே சார்." பிறகு கேட்டார்: "லீவு நாள்ல குழந்தைய கூட்டிட்டு வந்தா எங்க தங்க வைப்பாரு? ஜட்ஜ் அதைத்தான் முதல்ல கேப்பாரு."

நான் அப்போது ஊரப்பாக்கத்தில் கட்டி முடியாத ஒரு வீட்டில், சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். கதவு வைக்காத வீடு.

ரயிலடிக்கு வந்து அவளுக்கே போன் செய்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறும், பரீட்சை லீவில் பாதியும் என்னிடம் என்று மனுவில் எழுதினால் போடுகிறேன் என்றேன். பக்கத்தில் யாரிடமாவது கேட்கிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மீன் விலை பேசுகிற சத்தம்தான் கேட்டது.

"எழுதச் சொல்றேன். ஆனா எங்க இட்டுனு போவ?" என்றாள். "போன வாட்டி லாரி ஷெட்டுல ஆயில் டின்னு மேல குந்த வச்ச. கவுனெல்லாம் கறை. பாத்ரூம் எங்கன்னு கேட்டதுக்கு ரோட்டுக்கு அந்தாண்ட காட்டினியாம். பொட்டப் புள்ளய்யா அது."

அதில் சூது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. தேடித்தான் பார்த்தேன்.

"கதவு இருக்கிற எடமாப் பாரு. எழுதறது மட்டும் போதாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கூடுவாஞ்சேரியில் ஒரு புது லேஅவுட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் தேவை என்று போர்டு மாட்டியிருந்தது. சூப்பர்வைசர் என் கைகளைப் பார்த்துவிட்டு, "டைல்ஸ் வேல தெரியுங்கிற. அதுல இதவிடக் காசு வருமே, இங்க எதுக்குய்யா வர?" என்றார். அவருக்கும் சந்தேகம்.

"ரூம் தருவீங்களா சார்?"

"மோட்டார் ரூம் பக்கத்துல ஒண்ணு இருக்கு. சின்னது."

சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும் என்றேன். கதவின் தாழ்ப்பாளை உள்ளே இருந்து போட்டுப் பார்த்தேன், சரியாக விழுந்தது. பின்பக்கம் பாத்ரூம், குழாயில் தண்ணீர் வந்தது. பகல் ஷிப்டில் அன்றைக்கே சேர்ந்துகொண்டேன்.