பூசைத் தட்டில் வைத்த இறப்பர் சீல்

2022 ஒக்ரோபர் 13, வியாழக்கிழமை, காலை 6.20. இரவு பெய்த மழை விட்டிருந்தது. பருத்தித்துறைக் கரையில் காற்றே இல்லை. சிவநேசனின் படகை வேறு இரண்டு படகுகள் கயிறு கட்டி இழுத்து வந்தன. எஞ்சின் முழுவதும் கடல் தண்ணீருக்குள் கிடந்தது. போன நான்கு பேரும் திரும்பியிருந்தார்கள். எண்ணிப் பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

இறப்பர்த் தொழில் பழகுகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த வருடம் நாட்டில் டொலர் இல்லாததால் வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோயிருந்தது. படகின் விசிறியைச் சுழற்றும் தண்டு, சாஃப்ட், வெளியே போகும் துவாரத்தில் தண்ணீர் ஏறாமல் அடைக்கும் செயற்கை இறப்பர் சீல் ஒரு கடையிலும் இல்லை. நான் கேகாலையிலிருந்து இயற்கை இறப்பர் எடுப்பித்து, கந்தகம் சேர்த்து, பட்டறை அச்சில் வேகவைத்து சீல் செய்து கொடுத்தேன். மரத்துப் பாலில் வந்த இறப்பர் உப்புத் தண்ணீரைத் தாங்கும். எண்ணெயைத் தாங்காது, ஊதிப் பிய்ந்துவிடும். பதினேழு படகுகளுக்குப் போட்டிருந்தேன். ஒன்றும் ஒழுகவில்லை. சிவநேசனுடையது பதினெட்டாவது. எஞ்சின் ஒயில் படக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தேன்.

கரையில் சனம் கூடிவிட்டது.

"பூட்டி எட்டு நாள்தான் அண்ணை," என்றான் சிவநேசன். "உங்கடை உள்ளூர் இறப்பரை நம்பி என்ரை எஞ்சின் போயிட்டுது."

"அந்த இறப்பரைக் கழட்டித் தா, பாப்பம்."

"அண்ணைக்குப் பலூன் செய்யிற வேலைதான் சரி," என்று பின்னால் நின்ற ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சீல் தேத்தண்ணியில் ஊறின பாண் துண்டு மாதிரி உப்பியிருந்தது. நகம் பட்ட இடம் பிய்ந்தது. மணந்து பார்த்தேன். ஒயில் இல்லை, நல்லெண்ணெய். அது எப்படிப் பட்டது என்று எனக்கு விளங்கவில்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பின்னேரம் சிவநேசனின் மனைவி பவானி பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணை, ஆயுத பூசைக்கு அந்த இறப்பரையும் சாவியளோடை தட்டிலை வைச்சனான். புதுச் சாமான் எண்டு நல்லெண்ணெய் நல்லாப் பூசி, விடியுமட்டும் வைச்சனான். அடுத்த நாள்தான் அவர் கொண்டுபோய்ப் பூட்டினவர். அதாலையோ?"

நான் பையிலிருந்து அந்த இறப்பரை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அந்த எஞ்சினுக்கு என்ரை தாலிக்கொடியும் அடைவுக் கடையிலை கிடக்கு. நான் செய்தது எண்டு தெரிஞ்சா அவர் என்னை வீட்டிலை வைச்சிருக்க மாட்டார்."

"இல்லைப் பிள்ளை. இறப்பரிலைதான் பிழை. வெந்தது காணாது."

அதையே சிவநேசனுக்கும் சொன்னேன், ஊருக்கும் சொன்னேன். இரண்டு மாதத்துக்குள் மற்றப் பதினேழு பேரும் ஒழுகாத சீல்களைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன். புதிதாக ஒருவரும் வரவில்லை. சிவநேசன் படகை விற்றுவிட்டுக் கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போனான். பவானி இப்போது என்னைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறாள்.

இயற்கை இறப்பரில் வேலை செய்கிறவர்கள் சாமானைக் கொடுக்கும்போது எண்ணெய் படக்கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். எஞ்சின் ஒயில், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், சாமிக்குப் பூசுகிற எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

தை மாதம் அச்சு இயந்திரத்தை இரும்பு விலைக்குக் கொடுத்தேன். அந்த நட்டத்தோடு திருப்பிக் கொடுத்த காசையும் சேர்த்து, எனக்குப் போனது மூன்று இலட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.