சேவலுக்குள் ஒரு தேள்

பச்சை குத்தும் தொழிலில் வலியால் கத்துகிறவரிடம் பயமில்லை. வாய் திறக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறவரிடம்தான் பயம். ஊசி பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் தொடை

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய மெஷின் ஒன்றை வாங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து என் தொடையிலேயே பழகினேன். முதல் மயில் வாத்து மாதிரி வந்தது. அதன்மேல் தாமரை இலை போட்டு மறைத்தேன். பழையதை மறைக்கும் வேலை அப்படித்தான் கைவந்தது. என் மனைவி செல்வி கதவோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இலைக்கு அடியில வாத்து இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல? அப்ப அது இருக்குதான்."

பாதித் தேள்

கிள்ளானிலிருந்து சேகர் வந்தார். முன்கையில் தேள், ஒரு கும்பலின் அடையாளம். அவர்களை விட்டு விலகி எட்டு வருஷமாக லோரி ஓட்டுகிறவர். இப்போது ஸ்கூல் பஸ் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. தேள் தெரியக்கூடாது என்பது மட்டுமே பஸ் முதலாளியின் நிபந்தனை.

பழைய பச்சையைத் தாளில் சிவப்புப் பென்சிலால் எடுத்து, அதன்மேல் கறுப்பில் புது டிசைனை வரைவது என் வழக்கம். சேகருக்கு ஒரு சேவல் வரைந்தேன்; தேளின் வால் அதன் வாலிறகாக வளைந்தது. உடல் இறக்கைக்குள் அடங்கியது. முதல் நாள் பாதி முடித்தோம். தோல் ஆற மூன்று வாரம் வேண்டும். கிளம்பும்போது கையைப் பார்த்துச் சொன்னார்: "இப்பதான் இன்னும் மோசமா இருக்கு அண்ணே. சீக்கிரம் மூடிடுங்கலா."

சுவர்

கடைச் சுவரில் எதை மாட்டுவது என்பதைச் செல்விதான் முடிவு செய்வாள். அவள் இறந்தபின் எனக்குப் பிடித்ததையெல்லாம் மாட்டினேன். சேவல் நன்றாக வந்த பெருமையில், உள்ளே சிவப்புத் தேளோடு அந்தத் தாளையும் மாட்டினேன்.

தோளில் வேல் போட வந்த ஒருவர் இரண்டு மணி நேரம் அதையே பார்த்தார். எழுந்ததும் போனில் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் கனத்த உடம்புள்ள ஒருவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவர் கையிலும் அதே தேள். தாளைப் பார்த்தார். பக்கத்தில் தொங்கிய காலண்டரில் சேகருக்குக் குறித்திருந்த நாளையும் பார்த்தார். "எங்க தேள சேவல் தின்னுதா அண்ணே? போறவன் போகலாம். தேள் போகக்கூடாது."

மணிக்கட்டு

சேகரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். வரமாட்டார் என்று நினைத்தேன். குறித்த நாளில் வந்து கையை நீட்டினார். மறுவாரம் பள்ளி திறக்கிறது.

மெஷினை எடுத்தேன், திரும்ப வைத்தேன். இரண்டு முறை கையுறையைக் கழற்றி மாட்டினேன். கோடு ஒன்று பிசகினால் ஆயுசுக்கும் பிசகியதுதான். சேகர் மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நான் ஆடாம இருக்கேன் அண்ணே, நீங்க போடுங்க. அவங்க வந்தா சேர்ந்தே அடி வாங்குவோம்."

இறக்கை

கடைசி இறகு முடிகிற நேரம். கதவு திறந்தது. அதே ஆள். சேகர் எழவில்லை. வந்தவர் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேள் எங்க?"

 என் தொடையின் தாமரை இலைதான் நினைவுக்கு வந்தது. "எங்கேயும் போகல பாஸ். மேல என்ன போட்டாலும் பழைய மை அழியாது. இறக்கைக்கு அடியில அப்படியேதான் இருக்கு."

சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர் கட்டைவிரலால் புது இறக்கையை அழுத்தினார். சேகர் பல்லைக் கடித்தாரே தவிரக் கையை இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆள் விரலை எடுத்தார். "இருக்குல்ல? அப்ப சரி. பஸ் விஷயமும் விசாரிச்சுட்டேன். மெதுவா ஓட்டுடா, என் மவ அதுலதான் போறா."

தோலில் போட்டதைக் கழற்ற முடியாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் எனக்கு, சுவரில் மாட்டிய தாளைக் கழற்றலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.